எழுபது தப்படியும் பதினோரு நாளும்

வண்டிமேட்டுத் தெருவின் கடைசியில் இருக்கிற என் ஜெராக்ஸ் கடை வாசலிலிருந்து கிரிக்கெட் மைதானத்தின் ஒன்பதாம் நம்பர் கேட் வரைக்கும் எழுபது தப்படி, இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, கடை போட்ட வருஷம் வேலைவெட்டி இல்லாமல் காலாலேயே அளந்து பார்த்திருக்கிறேன், அந்த எழுபது எழுபதாகவே இருந்த காலத்தில் டிக்கெட் விலை நூற்றைம்பது ரூபாய், அதுவும் கையில் இல்லாதவன் கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கேலரிக்கும் நடுவே உள்ள இடுக்கில் போய் நின்றால் பந்து போடுகிறவன் ஓடி வருவது மட்டும் தெரியும், அடிப்பவன் தெரியமாட்டான், உள்ளே எழும் சத்தத்தை வைத்து அவன் அடித்தானா அவுட் ஆனானா என்று ஊகித்துக்கொண்டு சாயந்திரம் வரை ஓசியில் நின்றுவிட்டு வரலாம். அந்தச் சுகத்துக்குத்தான் முதலில் கேடு வந்தது.

விலை ஆயிரத்தைந்நூறு ஆன வருஷம் அது நடந்தது. இடி இடிக்கவில்லை, பூமி அதிரவில்லை, இஸ்திரி வண்டிக்காரர் தேசிங்கு ஒரு மேட்ச் நாளில் வழக்கம்போல இடுக்கில் நிற்கலாம் என்று கிளம்பிப் போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து என் கடை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, “கேட்டு வரமாட்டேங்குதுப்பா, நடக்க நடக்க அங்கயே நிக்குது” என்றார். தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு நானும் நடந்து பார்த்தேன். கேட் கண்ணுக்கு முன்னால்தான் நின்றது, அதன் துருப்பிடித்த தாழ்ப்பாள்கூடத் தெரிந்தது, ஆனால் எழுபதாவது தப்படியில் வரவேண்டியது நாற்பத்தைந்து நிமிஷம் நடந்த பிறகுதான் வந்தது. அதே நேரத்தில் செண்ட் வாசனையோடு என்னைக் கடந்துபோன ஒரு குடும்பம் கையில் டிக்கெட்டை ஆட்டிக்கொண்டு இரண்டே நிமிஷத்தில் உள்ளே போய்விட்டது.

அப்புறம் அது வருஷா வருஷம் நடந்தது. விலை இரண்டாயிரத்தைந்நூறு ஆனபோது அரை நாள் நடை. மூவாயிரத்தைந்நூறில் மூன்று நாள். கடைசி வரிசை, வெயில் பக்கம், தூணுக்குப் பின்னால் உட்காருகிற மட்டமான சீட்டே நாலாயிரத்தைந்நூறு என்று அறிவித்த இந்த வருஷம் டிக்கெட் இல்லாதவனுக்குப் பதினோரு நாள், டிக்கெட் உள்ளவனுக்கு அதே எழுபது தப்படி. பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்காதீர்கள், அதையும் பார்த்தாகிவிட்டது. பஸ் வழக்கம்போல மைதானத்தைத் தாண்டிப் போகும், கண்டக்டர் வழக்கம்போல விசில் அடிப்பார், மைதானம் ஸ்டாப்பில் இறங்கவேண்டும் என்று எழுந்து நிற்பவனுக்கு மட்டும் அந்த ஸ்டாப் வராது, அடுத்த ஸ்டாப்தான் வரும்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. மனு கொடுத்தோம். மாநகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் டேப்போடு வந்து என் கடைப் படியிலிருந்து கேட் வரைக்கும் பிடித்து, ஐம்பத்திரண்டு மீட்டர், புகாரில் உண்மை இல்லை என்று எழுதினார். அவர் சட்டைப் பையில் மைதானத்துக்காரர்கள் கொடுத்த ஓசி பாஸ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சார், அதைக் கடையில் வைத்துவிட்டு ஒருதரம் நடந்து பாருங்களேன் என்று கேட்டதற்கு, நடுத்தெருவில் வேட்டியை அவிழ்க்கச் சொன்ன மாதிரி எங்களைப் பார்த்தார். அடுத்த வருஷம் வேறொருவர் வந்தார், அவர் பையிலும் பாஸ் இருந்தது, அவருக்கும் ஐம்பத்திரண்டு மீட்டர்தான்.

எங்கள் ஊரில் தூரம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பாதயாத்திரை என்று ஒன்றும் வந்துவிடும். நடைபாதைக் கடையில் வாங்கிய போலி ஜெர்ஸியை மாட்டிக்கொண்டு, ஒரு மண்டலம் இல்லாவிட்டாலும் ஒரு வாரமாவது கவுச்சி சாப்பிடாமல் இருந்து, கும்பல் கும்பலாக ஆட்கள் கிளம்பினார்கள், மூன்றாம் நாள் வழியில் நீர்மோர்ப் பந்தல் வந்தது, ஐந்தாம் நாளில் அன்னதானம் வந்தது, ஏழாம் நாளில் கால் கொப்புளத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் வந்து அவர் தலைக்குமேல் வட்டச் செயலாளரின் படமும் வந்தது. பதினோராம் நாள் கேட்டை அடைந்தால் கேட்டில் டிக்கெட் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு, கேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளேயிருந்து யாரோ கசக்கி எறிந்த ‘நாலு’, ‘ஆறு’ அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, மறுபடி பதினோரு நாள் நடந்து வீட்டுக்கு வருவார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டு சாமி அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு ‘ஆறு’ இருக்கிறது.

புரோக்கர் நாகபூஷணம் அந்தப் பதினோரு நாள் தூரத்தை மனை போட்டு விற்றார். ‘ஸ்டேடியம் வியூ நகர்’ என்று நோட்டீஸ் அடிக்க என்னிடம்தான் வந்தார். ஐம்பத்திரண்டு மீட்டரில் நானூறு மனை எப்படி ஐயா வரும் என்று கேட்டேன். “நடந்து பாருய்யா, எடம் கெடக்குது” என்றார். பொய் என்று சொல்லவும் முடியவில்லை. ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் அப்படி ஒரு நிலமே இல்லை என்று திருப்பி அனுப்பிய பிறகும் ஜனங்கள் அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் வருகிறவன் போகிறவன் எல்லாம் ‘டிவியில் பார்க்கலாமே, எவ்வளவு வசதி’ என்று புத்தி சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதற்கு ஒழுங்கான பதில் சொன்னது எங்கள் தெருவில் ஒரே ஆள், தேசிங்குவின் மகள் மோனிஷா. பன்னிரண்டு வயசு, வயசுக்கு உயரம் பத்தாது. தெருவில் பையன்கள் ஆடும்போது அவளுக்கு பேட் தரமாட்டார்கள், “போய் டிரான்ஸ்பார்மர் கிட்ட நில்லு” என்று துரத்திவிடுவார்கள், அவளும் போய் நிற்பாள், பந்து அங்கே போவது அபூர்வம், போனால் மட்டும் அங்கிருந்து ஒரே வீச்சில் ஸ்டம்புக்கு வைத்த ஹாலோ பிளாக் கல்லின் மேல் வந்து விழும். அவள் ஒருநாள் என் கடையில் புத்தக அட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது சொன்னாள்:

“டிவில பந்து எங்க போவுதோ அத்த மட்டுந்தான் அண்ணா காட்றாங்க. பந்து போவாத பக்கம் ஒருத்தர் நிக்கிறார்ல, தூரமா, கயிறு ஓரமா? அவரு அவ்ளோ நேரம் இன்னா பண்றாரு? அத்த ஒருதரம் பாக்கணும்.”

அவ்வளவுதான் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது. சிக்ஸர் வேண்டாம், கோப்பை வேண்டாம். கயிறு ஓரமாக நிற்கிற ஆள் என்ன செய்கிறான் என்று ஒருதரம் பார்க்கவேண்டும். அதற்கு நாலாயிரத்தைந்நூறு கேட்கிறார்கள்.

தேசிங்கு ஒரு சட்டைக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார். கிட்டத்தட்ட அறுநூறு சட்டை தேய்த்தால் ஒரு டிக்கெட். அவர் மனைவி சுகந்தி பக்கத்து அப்பார்ட்மெண்டில் சமைக்கிறவள், எண்ணெய்ச் சட்டியைவிடச் சூடான வாய். “கேஸ் சிலிண்டர் காலியா கீது, ஸ்கூல்ல நோட்டு வாங்கச் சொல்லி மூணு வாரம் ஆச்சு, இவரு மேட்ச் பாக்கப் போறாராம் மேட்ச்” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு மாதம் கத்தினாள். கத்திவிட்டுத் தன் சம்பளத்திலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்து அவர் இஸ்திரி வண்டியின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

டிக்கெட் போனில்தான் வாங்கவேண்டும். காலை பத்து மணிக்கு நானும் தேசிங்குவும் என் கடையில் உட்கார்ந்து அமுக்கினோம், ‘உங்களுக்கு முன்னால் இரண்டு லட்சத்துப் பதினான்காயிரம் பேர் இருக்கிறார்கள்’ என்றது. இருக்கட்டும் என்று உட்கார்ந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் முறை வந்தபோது நாலாயிரத்தைந்நூறுக்குமேல் வசதிக் கட்டணம் முந்நூறு என்றது. ஐந்து மணி நேரம் காக்கவைத்ததுதான் அந்த வசதியா என்று கேட்கலாம் என்றால் அந்தப் போனில் கேட்பதற்கு ஆள் கிடையாது. தேசிங்குவிடம் இருந்தது ஒரு டிக்கெட்டுக்குத்தான், அதைத்தான் வாங்கினார், ஆனால் அவர் முகத்தில் கவலையே இல்லை.

இங்கேதான் எங்கள் புத்தி எங்களைக் கவிழ்த்தது. நாங்களெல்லாம் டவுன் பஸ்ஸில் வளர்ந்தவர்கள். படிக்குப் பக்கத்துக் கம்பியில் போட்ட கோட்டுக்குக் கீழே பிள்ளையின் தலை இருந்தால் டிக்கெட் இல்லை, கொஞ்சம் உயர்ந்துவிட்டால் “முட்டிய மடக்கி நில்லுடா” என்று காதில் சொல்லிவிட்டு, கண்டக்டர் போனதும் மடியில் உட்காரவைத்துக்கொள்வோம், எங்கள் தெருவில் அப்படிப் பத்து வயசு வரைக்கும் நாலு வயசாகவே இருந்த ஆட்கள் உண்டு. உலகத்தில் டிக்கெட் என்று எதைக் கொடுத்தாலும் மடியில் உட்காரும் பிள்ளை ஓசி என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய சட்டம். இரண்டு வயசுக்கு மேல் எல்லாருக்கும் முழு டிக்கெட் என்று போனில் எழுதியிருந்ததை நானும்தான் படித்தேன், பஸ்ஸிலும் அப்படித்தானே எழுதியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மேட்சுக்கு முந்தைய வாரம் என் கடைச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மோனிஷாவை நிற்கவைத்து முட்டி மடக்கப் பழக்கினோம். ஆளாளுக்கு யோசனை சொன்னோம்.

டிக்கெட் கூரியரில் வந்தது, அதைக் கொண்டுவந்த ஆளுக்கு எழுபதே தப்படி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்குத் தெருவே வழியனுப்ப நின்றது. தேசிங்கு அவரே தேய்த்த சட்டை, மோனிஷா பள்ளிக்கூட ஷூ, பாவாடை பாக்கெட்டில் ராசிக்கு ஒரு ரப்பர் பந்து. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆறாவது தப்படியில் கை இழுத்தது. ஏழாவதில் விட்டுப்போயிற்று. தேசிங்கு போன வேகத்தில் கேட்டுக்கே போய்விட்டார், திரும்பிப் பார்த்தால் மகள் என் கடைக்குப் பக்கத்திலேயே கால் வலிக்க நடந்துகொண்டிருக்கிறாள். ஓடிவந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார், அப்போது அவருக்கும் வழி நீண்டுவிட்டது, கால் மணி நேரம் மூச்சிரைக்க நடந்தும் கேட் நகரவில்லை. பஸ்ஸுக்கு இருந்த இரக்கம் இந்த ரோட்டுக்கு இல்லை.

“அந்தச் சீட்ட அவ கையில குடுத்துத் தொலையேன்யா” என்று சுகந்தி கத்தினாள்.

கொடுத்தார். மோனிஷா எழுபது தப்படியில் கேட்டுக்குப் போய்விட்டாள். கேட்டில் காக்கிச் சட்டை, கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு செக்யூரிட்டி நின்றார், செஞ்சிப் பக்கத்துக்காரர், திருமால் என்று பெயர், இது பிறகு தெரிந்தது. அவர் அவள் பாக்கெட்டைத் தடவி, பந்து உள்ளே போகக்கூடாது என்று எடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டு, “கூட யாரும்மா பெரியவங்க?” என்றார்.

“அப்பா. அதோ.”

“வரச் சொல்லு. சின்னப் பிள்ளைய தனியா உள்ள விடக்கூடாது.”

“அவரு வர்றதுக்குப் பதினோரு நாள் ஆவும்.”

அவர் தலையைச் சொறிந்தார். அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி எத்தனையோ பேரைத் தூரத்தில் நடக்கப் பார்த்தவர் என்பதால் ஏன் என்று கேட்கவில்லை. மோனிஷா கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தாள், டிக்கெட்டைப் பார்த்தாள். பிறகு டப்பாவிலிருந்த பந்தைக் கேட்டு வாங்கி, டிக்கெட்டை அதன்மேல் சுற்றி, தலைமுடியில் போட்டிருந்த ரப்பர் பேண்டால் கட்டி, ஒரு எட்டு பின்னால் போய் வீசினாள். டிக்கெட்டுக்கு ஏது பதினோரு நாள்? அது பாட்டுக்கு ஐம்பத்திரண்டு மீட்டர் பறந்து, ஒருதரம் குத்தி, நேராக தேசிங்குவின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுபது தப்படி நடந்து மகள் பக்கத்தில் போய் நின்றார்.

அடுத்த நிமிஷம் நாகபூஷணம் முண்டாசை அவிழ்த்து உதறிக்கொண்டு, “பாப்பா, மாமாவுக்கு ஒண்ணு போடு” என்றார்.

அவள் போட்டாள். அவர் போய்ச் சேர்ந்தார். அவரிடமிருந்து டிக்கெட்டை வாங்கி அடுத்த ஆளுக்குப் போட்டாள். அப்புறம் பால்காரர், அப்புறம் பால்காரர் மச்சான், அப்புறம் டெய்லர் குடும்பத்தில் ஐந்து பேர், பாதயாத்திரை போய்வந்து இன்னும் கால் வீக்கம் வடியாத குருசாமி ஒருவர், அவருக்கு அழுகையே வந்துவிட்டது, பதினோரு நாள் நடந்த தூரத்தை ரெண்டு நிமிஷத்தில் கடந்தால் யாருக்குத்தான் வராது. போனவர்களில் யாருக்காவது திருப்பி வீசத் தெரிந்ததா என்றால் இல்லை, பால்காரர் வீசியது சாக்கடைக்குப் பக்கத்தில் விழுந்து டிக்கெட் நனைந்துபோக இருந்தது, அதனால் எல்லாரும் வந்து மோனிஷா கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்கள், அவள்தான் ஒவ்வொரு தரமும் கட்டினாள், ஒவ்வொரு தரமும் பின்னால் போய் வீசினாள். உள்ளே டாஸ் போட்டார்கள். உள்ளே முதல் ஓவர் முடிந்தது. உள்ளே யாரோ அவுட் ஆனார்கள், சுவர் அதிர்ந்தது. எங்களுக்கு அடுத்தது யார் என்பதுதான் பேச்சாக இருந்தது, ‘எனக்கு முன்னாடி அவனா, நான் எப்பலேர்ந்து நிக்கிறேன்’ என்று வரிசைச் சண்டைகூட வந்தது. நான் நாற்பத்தொன்றாவது ஆளாகப் போனேன். கடைக்கு ஷட்டர் இறக்கிவிட்டுத்தான் போனேன்.

கடைசி ஆளாக வந்தவள் சுகந்தி. உலையை இறக்கி அடுப்பை அணைத்துவிட்டு வர நேரமாகிவிட்டதாம். வந்து நின்று சுற்றும் பார்த்தாள். அறுபத்து மூவர் உற்சவம் மாதிரி அறுபத்து மூன்று பேர் கேட்டில் நிற்கிறோம், கையில் ஒரே ஒரு டிக்கெட், உள்ளே முதல் பாதி ஆட்டம் முடிந்து பாட்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“ஏன்யா, நீங்கல்லாம் இங்க வந்து இன்னாத்த கிழிக்கப் போறீங்க?” என்றாள்.

அதுவரைக்கும் அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. கேட்டுக்கு வந்துவிட்டால் ஏதோ ஒன்று நடக்கும், கோயில் பந்தியிலோ கல்யாண வீட்டிலோ கும்பலாகப் போய் நின்றால் உள்ளே விட்டுவிடுவதில்லையா, அப்படி என்று ஒரு நினைப்பு. நாகபூஷணம் செக்யூரிட்டியிடம் போய்த் தோளில் கைபோட்டு, “தம்பி, எல்லாம் லோக்கல்” என்றார். திருமால் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

“ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ஆள் சார். நான் உட்டா என் வேல போயிரும்.”

“எம் பொண்ண மட்டும் உடுப்பா. அதுக்குத்தான் வாங்குனது” என்றார் தேசிங்கு.

“கூட பெரியவங்க வரணும்னு சட்டம்ணே. பெரியவங்களுக்கும் டிக்கெட் வேணும்னு சட்டம். நானா எழுதினேன்?”

“அப்போ ரெண்டு சட்டமும் சேந்து இன்னா சொல்லுது? காசு இல்லாதவன் பொண்ணு வூட்டுலயே கெடன்னு சொல்லுது, அதானே?” சுகந்தியின் குரல் உடைந்துவிட்டது. அவள் கத்தி நாங்கள் கேட்டிருக்கிறோம், அவள் குரல் உடைந்து யாரும் கேட்டதில்லை. “அறுநூறு சட்டைய்யா. அந்த மனுசன் கை வெந்து தேய்ச்சது.”

உள்ளே இரண்டாவது பாதிக்கு ஆட்கள் இறங்குகிற சத்தம் கேட்டது. திருமால் பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டு கேட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

“எனக்கு இப்ப கேலரி டூட்டி. மூணு வருஷமா இந்த மைதானத்துலதான்கா வேல பாக்கறேன், ஒரு பந்து பாத்ததில்ல. எங்கள ஆட்டத்துக்கு முதுகு காட்டித்தான் நிக்கச் சொல்லுவாங்க, ஜனத்தையே பாத்துக்கிட்டு நிக்கணும். நானும் பெரியவன்தானே, கழுத்துல அட்ட இருக்குல்ல? எங்கூட வரட்டும். முடிஞ்சதும் இதே கேட்டுல உங்க கையில கொண்டாந்து விடறேன்.”

டிக்கெட்டை மிஷினில் காட்டி, ஓரத்தைக் கிழித்து, மீதியை மோனிஷா கையில் கொடுத்தார். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நாங்கள் சுவரோரமாக உட்கார்ந்து நாலைந்து போனில் ஆட்டத்தைப் பார்த்தோம். அதிலும் ஒரு எரிச்சல், உள்ளே கூச்சல் எழுந்து அரை நிமிஷம் கழித்துத்தான் போனில் அந்தப் பந்தே போடுவான், ஒவ்வொன்றும் நடந்து முடிந்த பிறகுதான் எங்களுக்கு நடந்தது. இருட்டுகிற நேரத்தில் எல்லாம் முடிந்தது, எங்கள் ஊர் அணி ஜெயித்தது. திருமால் சொன்னபடியே மோனிஷாவைக் கொண்டுவந்து விட்டார். சுகந்தி அவரைக் கும்பிட்டாள்.

சரி, வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். என் கடை ஷட்டர் எதிரேதான் தெரிந்தது. எழுபது தப்படி நடந்தோம். நூறு நடந்தோம். அப்போதுதான் ஒவ்வொருவராக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கிழிந்த டிக்கெட்டைப் பந்தில் கட்டி வீசிப் பார்த்தார் தேசிங்கு, அது எங்களுக்கு முன்னால் நாலடி போய்ச் சாதாரணக் காகிதமாக விழுந்தது. பதினோரு நாள். அறுபத்து மூன்று பேர், சோறு இல்லை, மாற்றுத்துணி இல்லை, இந்த வருஷத்துப் பாதயாத்திரை முடிந்து மோர்ப் பந்தலைக்கூடப் பிரித்துவிட்டார்கள். யார் முதலில் இந்த யோசனையைச் சொன்னது என்று ஆளுக்கு ஆள் திட்டிக்கொண்டே நடந்தோம், வழியில் நாகபூஷணம் விற்ற மனைகள் வந்தன, அங்கே குடிக்கத் தண்ணீர்கூட இல்லை, அட்வான்ஸ் கொடுத்த டெய்லர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார், விலக்கிவிடவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

எல்லாரும் திட்டிக் களைத்த பிறகு தேசிங்கு மகளிடம் கேட்டார். “பாத்தியாம்மா? கயிறு ஓரமா நிக்கிறவர?”

“பாத்தேன்பா. எனக்கு நேர் எதுக்க நின்னாரு. ஓவர் உட்டு ஓவர் எங்க பக்கந்தான். அவரும் செக்யூரிட்டி மாமாவும் முதுகுக்கு முதுகு.”

“இன்னா பண்ணாரு?”

“ஒவ்வொரு பந்துக்கும் ரெண்டு அடி முன்னாடி வந்தாருப்பா. கைய ரெண்டையும் இப்படி ரெடியா வெச்சிக்கினு. பந்து வேற பக்கம் போயிடும். திரும்பிப் போய் அதே எடத்துல நிப்பாரு. அடுத்த பந்துக்கு மறுபடியும் ரெண்டு அடி வருவாரு. அறுவது பந்து எண்ணேன். ஒண்ணுகூட அவருகிட்ட வரல.”

நாங்களும்தான் அந்த ஆட்டத்தை ஐந்து போனில் பார்த்தோம். அப்படி ஒருவன் அன்றைக்கு ஆடினான் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது.

“அவன் கோடி கோடியா வாங்கிக்கினு ரெண்டு அடி முன்னாடி வர்றான், நாம காசக் குடுத்துட்டு பதினோரு நாள் பின்னாடி நடக்கறோம்” என்றாள் சுகந்தி. எல்லாரும் சிரித்தோம், நன்றாக இருந்தது.

மோனிஷா சிரிக்கவில்லை. “யாருமே அவரப் பாக்கலம்மா. ஒருத்தர்கூட. இருந்தாலும் ஒவ்வொரு பந்துக்கும் வந்தாரு” என்றாள்.

அதைச் சொல்லும்போது அந்த ஆள் கையை எப்படி வைத்திருந்தான் என்று காட்டப் போனவளுக்கு வலது கை எழவில்லை. தோளுக்குக் கீழே வீங்கியிருந்தது. கேட்டிலிருந்தே அதை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறாள், அறுபத்திரண்டு தரம் வீசிய கை. சுகந்தி, “அய்யோ, எங்கிட்ட சொல்லலாமில்லடி” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வீசியதில் வந்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும், அவள் பார்க்க வந்த ஆட்டத்தில் பாதி போனதும் அதில்தான், வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது பேரை எண்ணிக்கொண்டிருந்த நான் உட்பட ஒருத்தரும் கை வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அது தெரிந்தது முதல் நாள் நடையில். மீதிப் பத்து நாளும் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தோம்.